ரோசன்வால்டு கோப்புகள்: எங்கெல்லாம் சறுக்கும்?

தபால் வழியாகப் பொருள் விற்ற சியர்ஸ் ரோபக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்டின் (1862–1932) கடிதக் கோப்புகள் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக அவர் பண உதவியோடு எழுந்த பள்ளிகளைப் பற்றி எழுத நினைப்பவர்கள் முதலில் போய் நிற்பது அங்கேதான். பலர் சறுக்குவதும் அங்கேதான்.

பெரிய சறுக்கல் இது: பணம் கொடுத்தவரின் கடிதப் பெட்டியைப் பார்த்துவிட்டு, கட்டியவரும் அவரே என்று எழுதிவிடுவது. அந்தப் பெட்டியில் அவர் பெயர்தானே திரும்பத் திரும்ப வரும்! கணக்கு வேறு மாதிரி. இந்தப் பள்ளிகளின் கட்டடத் திட்டம் 1932-இல் முடிந்தபோது ஆன மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்டு தரப்பு கொடுத்தது சுமார் 44 லட்சம். கறுப்பின மக்கள் கைக்காசாகவும் நிலமாகவும் உழைப்பாகவும் தந்தது அதைவிட அதிகம், 47 லட்சம். வெள்ளையர் நன்கொடை 12 லட்சம். மிச்சம் 1 கோடியே 81 லட்சமும் அரசின் வரிப்பணம். அந்த வரியைக் கட்டியவர்களிலும் கறுப்பினத்தவர் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரே பள்ளிக்கு இரண்டு முறை கொடுத்தவர்கள் அவர்கள்.

ஒரு பள்ளியை எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அலபாமாவில் லோச்சபோக்கா என்ற ஊரில் 1913-இல் முடிந்த முதல் பள்ளியின் செலவு 942 டாலர் 50 சென்ட். நிலம் வாங்க ஊரார் திரட்டியது 150. அவர்கள் செய்த வேலைக்குப் போட்ட மதிப்பு 132.50. உள்ளூர் வெள்ளையர் தந்தது 360. ரோசன்வால்டின் பங்கு 300. ‘பங்களிப்பு’ என்று எழுதியிருந்தால் ரொக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மரம், நிலம், ஆள்கூலி எல்லாவற்றையும் டாலராக்கித்தான் கணக்கில் சேர்த்தார்கள்.

அடுத்தது, ரோசன்வால்டு என்ற மனிதரின் கோப்பையும் அவர் பெயரிலான அறக்கட்டளையின் கோப்பையும் குழப்பிக்கொள்வது. 1912-இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவர் அலபாமாவில் கறுப்பினத்தவருக்கான டஸ்கிகீ கல்வி நிலையத்துக்குக் கொடுத்த 25,000 டாலரில் மிஞ்சிய தொகையை வைத்துத்தான் அதன் தலைவரான புக்கர் டி. வாஷிங்டன் ஆறு சிறு பள்ளிகளுக்கு அனுமதி கேட்டார். தொடக்க காலத்தில் வேலை டஸ்கிகீ வழியாக நடந்தது. 1917-இல் அறக்கட்டளை பதிவானது. 1920-இல் கட்டட அலுவலகம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லுக்கு மாறியது. ஆகவே புக்கர் வாஷிங்டன் தரப்புக் கடிதங்களை அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலும், அறக்கட்டளையின் கோப்புகளை நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலும் தேட வேண்டும். சிகாகோவில் கிடைக்காத கடிதத்தை ‘எழுதப்படவே இல்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஃபிஸ்கில் உள்ள அட்டைகள் தனி ரகம். கட்டடத்துக்கு ஒரு அட்டை. அதில் ஒரு புகைப்படம், ஊர், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), எத்தனை ஆசிரியர் பள்ளி, எத்தனை ஏக்கர், யார் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற விவரம். இங்கே மூன்று இடத்தில் கால் இடறும். ஆண்டு என்று இருப்பது ஜூலையில் தொடங்கும் நிதியாண்டு. 1925–26 என்று இருந்தால் திறப்பு விழா 1925-இல் நடந்ததாகக் கொள்ள முடியாது. இரண்டாவது, பள்ளியின் பெயர். தேவாலயத்தின் பெயரில் தொடங்கிய பள்ளி பிறகு ஊர்ப் பெயருக்கு மாறியிருக்கலாம். அதனால் கவுண்டியை வைத்துத் தேடுவதே உத்தமம். மூன்றாவது எண்ணிக்கை. 5,357 பள்ளிகள் என்று எழுதுகிறார்கள். அது கட்டடக் கணக்கு. பள்ளிகள் 4,977, ஆசிரியர் வீடுகள் 217, தொழிற்பட்டறைகள் 163.

‘சியர்ஸ் கேட்டலாக்கில் விற்ற ரெடிமேட் பள்ளிகள்’ என்ற கதையும் உலவுகிறது. வீடுகளைப் பாகம் பாகமாகத் தபாலில் விற்ற கம்பெனி என்பதால் வந்த ஊகம். இவை பொது வரைபடத்தைப் பார்த்து உள்ளூர் மரத்தில் உள்ளூர் ஆட்கள் கட்டியவை. டியூப்லைட்டில்கூட உபயதாரர் பெயரை எழுதும் நமக்குக் கொஞ்சம் வியப்பாக இருக்கும்: பள்ளிக்குத் தன் பெயரை வைக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை. அதனால் பெயரில் ‘ரோசன்வால்டு’ இல்லாத பள்ளியை ஒதுக்கிவிடக் கூடாது.

கடிதத்தைப் படிக்கும்போது அடியில் பாருங்கள். ரோசன்வால்டின் செயலாளர் வில்லியம் கிரேவ்ஸ் எழுதிய பதில்களும் இருக்கும்; அவற்றை முதலாளியின் சொந்த வாக்காக மேற்கோள் காட்டினால் தப்பு. தேடும்போது அந்தக் காலச் சொல்லைப் போட வேண்டும்: இன்று நாம் எழுதாத ‘நீக்ரோ’, ‘கலர்டு’ என்பவைதான் கோப்பின் தலைப்புகளில் இருக்கும்.

தாள்களைப் படம் எடுப்பதற்கு முன் கோப்பு உறையின் முகப்பை, பெட்டி எண்ணும் உறை எண்ணும் தெரிய, ஒரு படம் எடுங்கள். பிறகு தாள்களை உறையில் இருக்கும் வரிசையிலேயே படம் எடுங்கள். இணைப்பாக வந்த பட்டியல் அது வந்த கடிதத்திலிருந்து பிரிந்துவிட்டால், அது எந்த ஊர்க் கணக்கு என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு.