ரோமர் ஆட்சிய புரிஞ்சுக்க பைபிளா, வரலாறா?

முதல்ல ஒண்ணையே பிடிச்சு தொங்காதீங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிங்க. லூக்கா 2ஆம் அதிகாரத்த எடுங்க, சீரியாவ ஆண்ட ரோம ஆளுநர் சிரேனியு காலத்து குடிமதிப்பு (மக்கள் கணக்கெடுப்பு) நடந்தப்போ இயேசு பிறந்தார்னு இருக்கும், அதே கணக்கெடுப்ப முதலாம் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் கி.பி. 6னு சொல்றாரு, ஆனா ஏரோது ராஜா செத்தது கி.மு. 4னுதான் பெரும்பாலான அறிஞர்கள் சொல்றாங்க, மத்தேயுல இயேசு பிறந்தப்போ ஏரோது உயிரோட இருக்காரு. இந்த மாதிரி இடிக்கிற இடத்த மறைக்காம நோட்ல குறிச்சு வைங்க, அங்கதான் நிறைய கத்துக்க முடியும்.

அப்புறம் கல்வெட்டு, காசு பாருங்க. 1961ல இஸ்ரேல் கடற்கரையில இருக்கிற செசரியால கிடைச்ச கல்லுல, இயேசுவுக்கு தீர்ப்பு சொன்ன ரோம ஆளுநர் பிலாத்து பேரே இருக்கு, பதவியும் இருக்கு.

வரலாறு எழுதினவங்களயும் அப்படியே நம்பிடாதீங்க, ஜோசீபஸ் ரோம் பேரரசர் தயவுல வாழ்ந்தவரு.

வேதத்துல என்ன கிடைக்கும்னா சாதாரண ஜனங்க பட்டது: ஆயக்காரன்மேல (வரி வசூலிக்கிறவன்மேல) இருந்த வெறுப்பு, ராயனோட (ரோம் பேரரசரோட) தலை போட்ட காசு, ரோம வீரர்கள் ஒரு மைல் சுமை தூக்கிட்டு வான்னு பலவந்தம் பண்றது. அத ரோமானிய பிரபுக்கள் எழுதின வரலாறுல தேடினாலும் லேசுல கிடைக்காது, அதனால எனக்கு ரெண்டுமே வேணும்.