கோதுமை ரகம் வேர்முடிச்சு நூற்புழுவை எதிர்க்கிறதா? தொட்டியில் சோதிக்கும் முறை

வேர்முடிச்சு நூற்புழு என்பது வேருக்குள் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணிய புழு. வேரில் முடிச்சு தெரியவில்லை என்பதற்காக ஒரு கோதுமை ரகத்தை ‘எதிர்ப்புத் திறன் உள்ளது’ என்று குறித்துவிடாதீர்கள். தக்காளி வேரில் புடைத்துத் தெரியும் முடிச்சுகளைப் பார்த்துப் பழகிய கண் கோதுமையில் ஏமாந்துபோகும். கோதுமை வேரில் முடிச்சு மிகச் சிறியதாக இருக்கலாம். ஆனால் பெண் புழு உள்ளே அமர்ந்து நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். புழுவைப் பெருகவிடாமல் தடுப்பதே எதிர்ப்புத் திறன். ஆகவே நாம் எண்ணப்போவது முட்டைகளை.

படி 1: ஒப்பீட்டுச் செடிகள்

சோதிக்கும் ரகங்களுடன், எளிதில் தாக்கப்படும் கோதுமை ஒன்றையும், எதிர்ப்பு மரபணு இல்லாத தக்காளியையும் கட்டாயம் வையுங்கள். ஏஜிலாப்ஸ் வென்ட்ரிகோசா என்ற காட்டுப்புல்லிலிருந்து கோதுமைக்கு வந்த ‘ஆர்கேஎன்3’ மரபணு உள்ள ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது. அது மெலாய்டோகைன் இன்காக்னிட்டா, மெலாய்டோகைன் ஜவானிகா ஆகிய இரு வேர்முடிச்சு நூற்புழு இனங்களையும் கட்டுப்படுத்துகிறது. ரகத்துக்குக் குறைந்தது 5 தொட்டிகள், தொட்டிக்கு ஒரு செடி. தொட்டிகளை ரகவாரியாக வைக்காமல் கலைத்து அடுக்குங்கள்.

படி 2: மண்

மணற்பாங்கான மண்ணை நீராவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். அவ்வளவுதான்.

படி 3: முட்டை எடுத்தல்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஏற்கெனவே இந்தப் புழு தாக்கிய வேறொரு தக்காளிச் செடியின் வேரைக் கழுவி, சிறு துண்டுகளாக நறுக்கி, 0.5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் போட்டுக் குலுக்குங்கள். முட்டைத் திரளைச் சூழ்ந்திருக்கும் பசை கரைந்து முட்டைகள் பிரியும். 4 நிமிடத்தைத் தாண்டவே கூடாது. தாண்டினால் முட்டைகள் செத்துப்போகும். 75 மைக்ரான் சல்லடையில் வேர்த்துண்டுகள் தங்கும், அதன் கீழுள்ள 25 மைக்ரான் சல்லடையில் முட்டைகள் தங்கும். கரைசலின் வாடை போகும்வரை தண்ணீரில் அலசுங்கள்.

படி 4: செடிக்கு இடுதல்

நாற்றுக்கு இரண்டு வாரம் ஆனதும் வேரையொட்டிச் சிறு துளைகள் இட்டு, செடிக்கு 2,000 முட்டைகள் என்ற கணக்கில் நீரோடு ஊற்றி மூடுங்கள். மண்ணின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கட்டும். குளிர்ந்தால் புழுவின் வளர்ச்சி மந்தமாகும். அதை ரகத்தின் பெருமை என்று எண்ணிவிடுவோம்.

படி 5: எண்ணுதல்

8 வாரம் கழித்து வேரை அறுக்காமல் எடுத்துக் கழுவுங்கள். ஃபுளோக்சின் பி சாயத்தில் கால் மணி நேரம் ஊறவைத்தால் முட்டைத் திரள்கள் சிவந்து தெரியும். பிறகு படி 3-இன் முறையிலேயே முட்டைகளைப் பிரித்து, நுண்ணோக்கியில் எண்ணுங்கள்.

கிடைத்த முட்டைகளை இட்ட முட்டைகளால் வகுத்தால் பெருக்க விகிதம் வரும். 2,000 இட்டு 18,000 கிடைத்தால் விகிதம் 9: புழு அங்கே செழித்திருக்கிறது. 600 கிடைத்தால் 0.3: எதிர்ப்பு இருக்கிறது. வேரே வளராத நோஞ்சான் செடியிலும் விகிதம் குறையும் என்பதால், ஒரு கிராம் வேருக்கு எத்தனை முட்டை என்பதையும் குறித்துவையுங்கள்.

கடைசியாகத் தக்காளியைப் பாருங்கள். அதிலும் முட்டைகள் சொற்பமாக இருந்தால், நீங்கள் இட்ட முட்டைகளே செத்தவை. எல்லா எண்களையும் அடித்துவிட்டுப் படி 3-க்குத் திரும்புங்கள்.