மாரி மழையிலும் சைக்கிளில் போகலாம்: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கியதும் திருகோணமலையில் நிறையச் சைக்கிள்கள் விறாந்தைக்குள் ஏறிவிடுகின்றன. தை கடைசியில் வெளியே எடுக்கும்போது செயின் இறுகி, ரிம் துருப்பிடித்து, பிரேக் கம்பி அசையாமல் நிற்கும். 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்ட காலத்தில் பெரிய விலை கொடுத்து வாங்கிய சைக்கிள்களும் இப்படிக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மாரி முழுவதும் இங்கே சைக்கிளில் வேலைக்குப் போகலாம், பள்ளிக்குப் போகலாம், மாலை வகுப்புக்கும் போகலாம். ஆனால் கோடையில் ஓடுகிற மாதிரி ஓடக்கூடாது.

மாரியில் சைக்கிள் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது ரெயின்கோட்டைப் பற்றித்தான். என் கணக்கில் அது கடைசி. நம் ஊரில் பனி கொட்டுவதில்லை, நனைந்தால் துடைத்துவிட்டு உடுப்பை மாற்றிக்கொள்ளலாம். ஆளை விழுத்துவது வேறு மூன்று விஷயம்: பிரேக் பிடிக்காமல் போவது, பின்னால் வருகிற வாகனத்துக்கு நீங்கள் தெரியாமல் இருப்பது, தேங்கிய தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருப்பது. காசும் கவனமும் இந்த மூன்றுக்கும் போன பிறகு மிச்சம் இருந்தால் ரெயின்கோட்டுக்குப் போகட்டும்.

சரி, முதலில் பிரேக். நாம் ஓடுகிற சாதாரணச் சைக்கிள்களில் பெரும்பாலும் குரோமியம் பூசிய இரும்பு ரிம்தான் இருக்கும். காய்ந்திருக்கும்போது ரப்பர் கட்டை அதை நன்றாகவே பிடிக்கும். நனைந்துவிட்டால் ரிம்மின் மேல் தண்ணீர்ப் படலம் ஒன்று நிற்கும், கட்டை அதன் மேல் வழுக்கும். நீங்கள் முழுப் பலத்தோடு அழுத்தினாலும் சில்லு சில சுற்றுப் போய் அந்தத் தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். வெயில் நாளில் நிற்க எடுக்கிற தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே போய்த்தான் நிற்பீர்கள் என்று நினைத்து ஓடுங்கள். சந்தி வருவதற்கு நல்ல தூரம் முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தி ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவையான இடத்தில் அழுத்தினால் உடனே கேட்கும். உவர்மலையில் இருந்து இறங்குகிறவர்கள் இதை இறக்கத்தின் உச்சியிலேயே செய்ய வேண்டும், பாதி இறக்கத்தில் வேகம் ஏறிய பிறகு செய்து பயனில்லை.

பிரேக் கட்டையை மாரி தொடங்க முன்னரே மாற்றிவிடுங்கள். பழைய கட்டை வெயிலில் கல்லாகிப் போயிருக்கும், பார்க்கத் தடிப்பாக இருந்தாலும் பிடிக்காது. புதிதைப் போட்டாலும் கிழமைக்கு ஒருக்கால் கழற்றாமலே குனிந்து பாருங்கள்: கடற்கரை மணலும் சின்ன இரும்புத் துகளும் அதில் குத்திக்கொண்டு இருக்கும், ஊசியால் கிளறி எடுத்துவிட்டு மேற்பரப்பை மண்கடதாசியால் கொஞ்சம் தேய்த்துவிட்டால் போதும். கர்ரென்று சத்தம் கேட்டால் அது ரிம்மைத் தின்கிற சத்தம், தள்ளிப் போடாதீர்கள். எப்போதாவது சில்லு மாற்ற வேண்டி வந்தால் அலுமினிய ரிம்மாகக் கேட்டு வாங்குங்கள். மழையில் இரும்பைவிட எவ்வளவோ நன்றாகப் பிடிக்கும், துருவும் ஏறாது.

அடுத்தது வெளிச்சம். கார்த்திகை மாதத்தில் இங்கே மாலை 5.45 அளவிலேயே சூரியன் விழுந்துவிடுகிறது, கருமுகில் மூடிய நாளில் 5 மணிக்கே இருட்டு. 4.15க்கு அலுவலகம் விட்டு, சந்தைக்குப் போய், பிள்ளையை வகுப்பில் இருந்து ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நீங்கள் இருட்டுக்குள்தான் இருப்பீர்கள். டைனமோவை நம்பாதீர்கள், ரயர் நனைந்தால் அதன் தலை வழுக்கும், நின்றால் லைட்டும் நின்றுவிடும். பற்றரியில் எரிகிற சின்ன எல்.ஈ.டி லைட் இரண்டு வாங்குங்கள், முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் பின்னுக்குச் சிவப்பை வாங்குங்கள், முன்னுக்கு ஒரு ரோர்ச்சை ஹாண்டிலில் ரியூப் வாரால் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். மழையில் பஸ் சாரதியின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும், எதிர் வாகனத்தின் வெளிச்சமும் அதில் சிதறும், அந்த நேரத்தில் கறுப்புக் குடையோ கரும்பச்சை ரெயின்கோட்டோ அவருக்குத் தெரியவே தெரியாது. மஞ்சள், வெள்ளை, செம்மஞ்சள் இந்த மூன்றில் ஒன்றாக எடுங்கள். பின் மட்காட்டில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டுங்கள், பெடலின் இரண்டு பக்கமும் ஒட்டினால் இன்னும் நல்லது, மேலும் கீழும் அசைகிறது கண்ணில் கெதியாகப் படும்.

வெளிச்சம் உங்களுக்கும் தேவைதான். கட்டாக்காலி மாடுகள் மழைக்காலத்தில் ஈர நிலத்தில் படுக்காமல் தார் வீதியில் வந்து படுத்துவிடும், அதுவும் நடு வீதியில், கறுப்பு மாடு. நகரத்துக்குள் மான்கள் திடீரென்று குறுக்கே பாயும். மார்கழியில் திருவெம்பாவை நாட்கள் என்றால் விடியப்புறம் கோவிலுக்குப் போகிற சனமும் பிள்ளைகளும் இருட்டில் வீதியோரம் நடந்து வருவார்கள், அவர்களிடம் லைட் இருக்காது. நீங்கள்தான் பார்த்துப் போக வேண்டும்.

இனித் தண்ணீர். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுவேன். வீதியில் தண்ணீர் நிற்கிறது, அடி தெரியவில்லை என்றால் அதற்குள் சைக்கிளை விடாதீர்கள். நம் வீதிகளின் ஓரத்தில் மூடி இல்லாத வாய்க்கால்கள் எத்தனை இருக்கின்றன என்று கோடையில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வந்தால் வீதியும் வாய்க்காலும் ஒரே மட்டமாகத் தெரியும். தினமும் போகிற வழியை மழைக்கு முன்னமே ஒரு நாள் மெதுவாக ஓடிப் பார்த்து, எந்த இடத்தில் வாய்க்கால் திறந்திருக்கிறது, எங்கே குழி இருக்கிறது, எங்கே மூடிக்கல் உடைந்திருக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மழை வந்த பிறகு அந்த ஞாபகம்தான் உங்களைக் காப்பாற்றும். கணுக்காலளவு தண்ணீர், தெரிந்த வீதி என்றால் இறங்கி, ஓரத்தை விட்டு நடுப்பக்கமாக, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடவுங்கள்.

தண்ணீர் ஓடுகிறது என்றால் கதை வேறு. குளம் வான் பாய்ந்தோ ஆறு பெருகியோ வீதியைக் குறுக்கறுத்து ஓடுகிற தண்ணீரில் முழங்கால் ஆழம்கூட ஆளைத் தூக்கிவிடும். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் குறுக்கறுத்த வீதியில் உழவு இயந்திரமே இழுபட்டுப் போய், அதில் இருந்த மத்ரசாப் பிள்ளைகள் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரத்துக்கே அந்த நிலை என்றால் சைக்கிள் எம்மாத்திரம். அங்கே நின்று யோசிக்கவே வேண்டாம், திரும்புங்கள். வேலை ஒரு நாள் போகட்டும்.

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்கிற முதல் மழையின் முதல் கால் மணித்தியாலம்தான் வீதி மிகவும் வழுக்குகிற நேரம், கோடை முழுக்கச் சிந்திய ஒயிலும் புழுதியும் தண்ணீரோடு குழைந்து நிற்கும். ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றுவிட்டு, மழை கொஞ்சம் வீதியைக் கழுவிய பிறகு போவது நல்லது. பாதசாரிக் கடவையின் பூச்சுக் கோடு, வாய்க்காலின் இரும்பு மூடி, ரயில் தண்டவாளம் இவை நனைந்தால் சவர்க்காரம் மாதிரி. அவற்றின் மேல் ஹாண்டிலைத் திருப்பவும் கூடாது, பிரேக் அழுத்தவும் கூடாது. தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடவுங்கள், சரிவாகப் போனால் சில்லு பள்ளத்துக்குள் இறங்கிவிடும். டச்பே மாதிரிக் கடற்கரையை ஒட்டிய இடங்களில் காற்று மணலை வீதியில் கொண்டுவந்து போட்டிருக்கும், வளைவில் அதைக் கண்டால் சாயாமல் போங்கள். ரயருக்குக் காற்றையும் கோடையைவிடக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம், வீதியை நன்றாகப் பற்றும். ஆனால் அழுத்தினால் ரிம் தட்டுகிற அளவுக்குக் குறைக்காதீர்கள்.

காற்றைப் பற்றி நிலாவெளி வீதியில் ஓடுகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மாரியில் காற்று வடகிழக்கில் இருந்து, கடல் பக்கமாக வரும். நகரத்தில் இருந்து உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று போகும்போது அது உங்கள் வலது முகத்தில் அடிக்கும், ஓட்டம் கஷ்டம், ஆனால் தள்ளுவது வீதியோரத்துக்குத்தான். திரும்பி வரும்போது சுகமாக இருக்கிற மாதிரித் தெரியும், அதுதான் ஆபத்தான பக்கம்: இப்போது காற்று இடது பக்கத்தால் வந்து உங்களை நடு வீதிக்கு, வாகனங்களின் பக்கம் தள்ளும். சாம்பல்தீவுப் பாலத்தடி மாதிரி மறைப்பில்லாத வெளியில் மரமோ மதிலோ இல்லாததால் அது திடீரென்று வந்து அறையும். போகும்போது பஸ் முந்தினால் ஒரு கணம் காற்று மறைபடும், காற்றுக்கு எதிராகச் சாய்ந்திருந்த நீங்கள் பஸ்ஸின் பக்கம் இழுபடுவீர்கள், பஸ் தாண்டியதும் காற்று மறுபடி தள்ளும். பஸ் சத்தம் கேட்டதுமே ஹாண்டிலை இறுக்கிப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, ஓரத்தோடு ஒரு முழம் இடம் விட்டு ஓடுங்கள். ஒரு கையால் குடை பிடித்து ஓடுகிற பழக்கத்தை இந்த வீதியில் முற்றாக விடுங்கள். ஒரு பிரேக்தான் கையில் இருக்கும், குடையோ பாய் விரித்த தோணி போலக் காற்றோடு இழுக்கும்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையில் 'காங்கேசன்துறையில் இருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு' என்று ஒரு பகுதி வரும். அது மீனவர்களுக்குச் சொல்வது, ஆனால் கரையோரம் சைக்கிள் ஓடுகிற நமக்கும் அதுதான் பயன். அதில் காற்றின் வேகம் மணித்தியாலத்துக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டும் என்று சொன்னால் நான் சைக்கிளை எடுப்பதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகைத் தொடக்கத்திலும் பின்னேரங்களில் இடிமின்னலும் வரும். இடி கேட்டால் தனி மரத்தடியில் நிற்காமல் சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

உடுப்பு சுருக்கமாக. நீளமான ஒற்றைக் கோட்டைவிட மேல்சட்டையும் காற்சட்டையும் தனித்தனியாக வருகிற ரெயின்கோட் நல்லது, காற்றுக்கு விரியாது, செயினில் மாட்டாது. சேலையோடு ஓடுகிற ரீச்சர்மார் பின் சில்லுக்கு வலை போட்ட லேடீஸ் சைக்கிளாகப் பார்த்து, முந்தானையைக் கோட்டுக்குள் செருகிக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு நனைந்த பெடலில் வழுக்கும், பின்வார் உள்ள செருப்பு போடுங்கள். மாற்று உடுப்பு ஒன்றை வேலை செய்கிற இடத்திலேயே வைத்துவிடுங்கள். கொப்பி, புத்தகம், போன் எல்லாவற்றையும் சொப்பிங் பையில் சுற்றி, அந்தப் பையின் வாயை முறுக்கிக் கட்டி, இன்னொரு பைக்குள் தலைகீழாக வைத்தால் எந்த மழைக்கும் தண்ணீர் போகாது. முன் மட்காட்டின் அடியில் பழைய பிளாஸ்டிக் கானில் வெட்டிய ஒரு துண்டை, நிலத்துக்குச் சாண் உயரம் இருக்கிற மாதிரி, இரண்டு ஓட்டை போட்டுக் கம்பியால் கட்டுங்கள். செலவே இல்லாத வேலை இது, ஆனால் காலுக்கும் செயினுக்கும் அடிக்கிற சேற்றில் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் ஐந்து நிமிடம் சைக்கிளுக்குக் கொடுங்கள். கடல் உப்புக் காற்றும் மழையும் சேர்ந்தால் ஒரே இரவில் செயின் செந்நிறமாகிவிடும். ஒரு வாளி நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி மணலைக் கழுவி, அச்சுப் பக்கம் பீய்ச்சி அடிக்காமல், பழைய சாரத் துணியால் செயினைத் துடையுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு ஒயில், பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மேலே நிற்கிற ஒயிலைத் துடைத்து எடுத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும். வாகனத்தில் இருந்து கழித்த கறுப்பு ஒயிலும் வேண்டாம், அதற்குள் இருக்கிற அழுக்கு செயினைத் தேய்க்கும். அச்சு மூழ்குகிற தண்ணீருக்குள் உருட்டி வந்திருந்தால் அந்தக் கிழமையே சைக்கிள் கடையில் கொடுத்துப் புதுக் கிறீஸ் வைப்பியுங்கள். பங்சருக்கு மாரியில் ஒட்டுப் பிடிப்பது கஷ்டம், ஈரத்தில் பசை நிற்காது. அதனால் ஒரு புது ரியூபும் அச்சு நட்டுக்கு ஏற்ற சாவியும் சின்னப் பம் ஒன்றும் பைக்குள் இருக்கட்டும்.

காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி விரலிடுக்கைத் துடையுங்கள், சேற்றுப்புண் வராது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் வெள்ளத்தில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஏறும். வெள்ளத்தில் நடந்து இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் தசை நோவும் வந்தால் வீட்டில் பனடோலோடு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நடந்தேன் என்று டொக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த நாளில் சைக்கிள் வேண்டாம். 1964 டிசம்பர் புயல் இந்த ஊரை என்ன செய்தது என்று வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சொல்லுவார்கள், 2020 டிசம்பரில் புரவி புயலும் திருகோணமலைக்கு வடக்கேதான் கரையேறியது. சைக்கிளை வீட்டுக்குள்ளேயே எடுங்கள், தகரக் கொட்டிலிலோ மாமரத்தடியிலோ விடாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். காற்று நின்ற மறுநாளும் அவசரப்பட வேண்டாம். முறிந்த கிளைகளோடு மின்கம்பியும் வீதியில் கிடக்கலாம், ஈர நிலத்தில் அறுந்த கம்பிக்குக் கிட்டப் போவதே ஆபத்து. வெளிச்சம் வந்த பிறகு வீதி துப்புரவாகிவிட்டதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.