பஸ் எப்போது வரும்? ஆப் எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் கோடிங் பழகுகிறவர்கள் பலர் கைவைக்கும் ப்ராஜெக்ட், பஸ் வரும் நேரத்தைக் காட்டும் ஆப். நிலப் போக்குவரத்து ஆணையமே டேட்டாமால் என்ற தன் தகவல் தளம் வழியாகத் தகவலை இலவசமாகத் தருகிறது. நிறுத்தத்தின் எண்ணைக் கொடுத்தால், ஒவ்வொரு தடத்துக்கும் அடுத்த மூன்று பஸ்கள் வரும் நேரம் கிடைத்துவிடும். சனி, ஞாயிறில் முடிக்கிற வேலைதான். ஆனால் நிறுத்தத்தில் நின்று பயன்படுத்தும்போதுதான் ஓட்டைகள் தெரியும்.

முதல் ஓட்டை அந்த எண்ணிலேயே இருக்கிறது. விக்டோரியா ஸ்ட்ரீட்டில் 01012 என்று ஒரு நிறுத்தம். அதை எண்ணாகச் சேமித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல்போய் 1012 ஆகிவிடும். அப்படி ஒரு நிறுத்தமே கிடையாது. எக்செலில் ஒருமுறை திறந்து சேமித்தாலும் இதே கதைதான். பார்க்க எண் போல இருந்தாலும் அது பெயர்; எழுத்தாகவே வையுங்கள். தட எண்ணும் அப்படித்தான், 170எக்ஸ் என்றெல்லாம் வரும்.

பெரிய தவறு வேறு. பயணி பக்கத்தைத் திறக்கிறார், ‘2 நிமிடம்’ என்று இருக்கிறது. போனைப் பைக்குள் போடுகிறார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் அப்போதும் ‘2 நிமிடம்’! திரை அணைந்திருக்கும்போது பிரவுசர் உங்கள் டைமரை ஓடவிடாது, அல்லது மெதுவாக்கிவிடும். இல்லாத பஸ்ஸுக்காக மனிதர் சாலையைக் கடந்து ஓடுவார். பக்கம் மறுபடி கண்ணுக்குத் தெரியும் கணத்திலேயே பழைய எண்ணை மங்கலாக்கிவிட்டு, புதுத் தகவலைக் கேளுங்கள். ஆஃப்லைனிலும் ஓடட்டும் என்று எல்லாவற்றையும் கேஷ் செய்வதும், அதாவது போனிலேயே சேமித்துவைப்பதும், இதே வம்புதான். நிறுத்தங்களின் பட்டியலைச் சேமிக்கலாம். வரும் நேரத்தைச் சேமித்தால் கெட்டது.

நிமிடத்தை முழுமையாக்குவதிலும் கவனம் தேவை. 1 நிமிடம் 50 விநாடி இருந்தால் ‘1’ என்றே காட்டுங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். பஸ்ஸை விட்டவர் உங்கள் ஆப்பையே அழித்துவிடுவார்.

அப்புறம், வரும் எல்லா நேரமும் ஒரே தரமல்ல. ஒவ்வொரு பஸ்ஸுடனும் ‘மானிட்டர்ட்’ என்று ஒரு குறி வருகிறது. 1 என்றால் பஸ் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கணித்தது. 0 என்றால் வெறும் கால அட்டவணை. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அட்டவணை நேரத்தைச் சாய்வெழுத்திலோ சாம்பல் நிறத்திலோ காட்டினால் போதும், பயணிக்குப் புரிந்துவிடும். கடைசி பஸ் நேரத்தில் இன்னொரு வேடிக்கை. அதற்கடுத்த பஸ்ஸுக்கான இடம் காலியாக வரும். அதைத் தேதியாக மாற்றப் பார்த்தால் திரையில் ‘NaN நிமிடம்’ என்று வந்து நிற்கும்; NaN என்றால் ‘இது எண்ணே அல்ல’ என்று பொருள்.

டேட்டாமாலில் தகவல் கேட்க உங்களுக்குத் தரப்படும் ரகசியச் சாவியை (ஏபிஐ கீ) பக்கத்தின் கோடிலேயே எழுதிவிடுவது சோம்பேறித்தனம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு சின்ன சர்வர் வையுங்கள். தகவல் 20 விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்பதால், ஒரே நிறுத்தத்தில் நிற்கும் நாற்பது பேருக்கும் ஒரே பதிலை அந்த நேரம்வரை கொடுக்கலாம்.

பக்கம் திறந்ததுமே ‘உங்கள் இருப்பிடம் வேண்டும்’ என்று கேட்காதீர்கள். முகம் தெரியாதவர் கேட்டால் யாரும் ‘வேண்டாம்’ என்றே அழுத்துவார்கள், பிரவுசரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ‘அருகிலுள்ள நிறுத்தங்கள்’ என்ற பொத்தானை அவர் தொட்ட பிறகு கேளுங்கள்.

கடைசியாக வட்டத் தடங்கள். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என ஒரே பஸ் ஒரே நிறுத்தத்துக்கு இரண்டு முறை வரும். எத்தனையாவது வருகை என்பதும் தகவலில் இருக்கிறது. அதைக் காட்டாமல் விட்டால், வீட்டுக்குப் போக ஏறியவர் பேட்டை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.