பினாங்குப் பொறியாளர் ஜப்பானில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முறை

1972இல் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரம் உருவானது முதல் மின்னணுத் தொழிலால் வளர்ந்த பினாங்கில், ஆலைப் பணியிலுள்ள நம் பொறியாளர்கள் மேற்படிப்பை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுவது வருத்தமளிக்கிறது. ஜப்பான் போன்ற கிழக்கு நாடுகளிடம் கற்க மலேசிய அரசு 1982இல் தொடங்கிய கிழக்கை நோக்கும் கொள்கையின்வழி மலேசியர்கள் ஜப்பானில் படிப்பும் தொழிற்பயிற்சியும் பெற்று வருகின்றனர்.

ஜப்பானியக் கல்வி அமைச்சான மெக்ஸ்ட் வழங்கும் அரசு உபகாரச் சம்பளத்திற்குத் தூதரகத்தின் வழி விண்ணப்பிப்போர் எழுத்துத் தேர்வையும் நேர்காணலையும் கடந்த பின்னரே பல்கலைக்கழகத்திடம் தற்காலிக ஏற்புக் கடிதம் கோர வேண்டும். ஆய்வுத் திட்டமே விண்ணப்பத்தின் உயிர்நாடி. ஆகவே, தாம் அன்றாடம் கையாளும் சிக்கலை, எடுத்துக்காட்டாக மின்னணுச் சில்லை மூடிக் காக்கும் பொதியில் வெப்பத்தால் உண்டாகும் விரிசலை, ஆய்வுக் கேள்வியாக வடித்து, அதற்கேற்ற பேராசிரியரைத் தேடுங்கள்.

வேலை செய்யும் நிறுவனமே படிக்க அனுப்பினால், திரும்பியபின் எத்தனை ஆண்டு பணியாற்ற வேண்டும், விலகினால் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பவற்றைக் கையெழுத்திடுமுன் எழுத்தில் பெறுங்கள்.