சாம்பியனிடம் ஆட்டத்தைக் கேளுங்கள்: வடசென்னைப் பேட்டிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ஒருவர் பதக்கம் வாங்கிவிட்டால், மறுநாளே கேமராவும் மைக்குமாக நாலு பேர் தெருமுனையில் வந்து நிற்பார்கள். யூடியூப் சேனல்காரர்கள், இதழியல் மாணவர்கள், பள்ளி ஆண்டு மலருக்காக வரும் ஆசிரியர்கள் என எல்லா வகையினரும் அதில் உண்டு. வரட்டும், நல்லதுதான். ஆனால் பலரும் கதையை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒண்டுக்குடித்தனம், கடன், கண்ணீர், கடைசியில் கோப்பை. கோடிட்ட இடங்களை நிரப்பித் தருவது மட்டுமே சாதித்தவரின் வேலை.

காசிமாவை எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற புது வண்ணாரப்பேட்டைப் பெண். செய்திகளில் அவர் பெயருக்கு முன்னால் ‘ஆட்டோ ஓட்டுநரின் மகள்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது. பொய்யில்லை. ஆனால் அந்தத் தந்தை கேரம் பயிற்சியாளரும்கூட. மகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆட்டோவோடு நின்றுவிடுகிற பேட்டியில், ஒரு சிறுமியின் விரலையும் பொறுமையையும் அவர் எப்படிப் பழக்கினார், தோற்று வந்த நாளில் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்கிற கேள்விகளே எழாது. நான் படிக்க விரும்புவது அதைத்தான்.

வறுமையைப் பற்றிக் கேட்கவே கூடாது என்பதில்லை. விமான டிக்கெட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, இவர் பயிற்சிக்குப் போன நேரத்தில் வீட்டு வேலையை யார் பார்த்தார்கள் என்பதெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. திட்டமான விடை உள்ளவை, விவரம் தருபவை. ‘எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள்?’ என்று ஆரம்பிப்பதுதான் சிக்கல். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. சொல்கிறவரின் நினைவும் அந்தப் பக்கமே சாயும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் ஓர் ஆய்வு செய்தார்கள். கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, வண்டிகள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். ‘மோதி நொறுங்கியபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். பார்த்தது அதே படங்களைத்தான். சற்று முன் கண்ணால் பார்த்ததற்கே இந்தக் கதி என்றால், பத்து ஆண்டுக்கு முந்தைய பள்ளிப் பருவத்தைப் பற்றிக் கேட்கும்போது நாம் எடுக்கும் சொல்லை எவ்வளவு எடைபோட வேண்டும்!

அடுத்த தவறு, ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய் உட்காருவது. ஒரு கேரம் மன்றத்தில் அங்கு ஆடும் பெண் ஒருவரைப் பேட்டி எடுத்தபோது நான் அங்கே இருந்தேன். வழக்கமான மூன்று கேள்விகள் வரிசையாக வந்தன. வென்றபோது எப்படி இருந்தது? மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. உங்கள் வெற்றிக்கு யார் காரணம்? பெற்றோரும் பயிற்சியாளரும். இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்? விடாமுயற்சி வேண்டும். அந்தப் பெண் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார். கண் மட்டும் பக்கத்து போர்டில் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தில் இருந்தது. ஒளிப்பதிவு செய்ய வந்த பையன், சிறுவயதில் மன்றத்தில் ஆடியவன் போலிருக்கிறது, இடையில் புகுந்து ஒன்று கேட்டான்: “அக்கா, 22 புள்ளிக்குப் போன பிறகு ரெட்டுக்குப் புள்ளி கிடையாதே, அப்போது ஆட்டத்தை மாற்றுவீர்களா?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். போர்டை இழுத்துப் போட்டு, காய்களை ஒவ்வொன்றாக வைத்தார். ஓர் ஆட்டம் 25 புள்ளி. ரெட் என்கிற சிவப்புக் காயைக் குழியில் போட்டுவிட்டு, தொடர்ந்து தன் காய் ஒன்றைப் போட்டால்தான் ரெட் நமக்கு. தவறினால் அது நடுவுக்குத் திரும்பிவிடும். போர்டை, அதாவது அந்தச் சுற்றை, வென்றால் ரெட்டுக்கு மூன்று புள்ளி உண்டு. 22ஐத் தொட்டவருக்கு அந்த மூன்று புள்ளி கிடைப்பதில்லை. ஆனால் பின்தங்கியிருக்கும் எதிராளிக்குக் கிடைக்கும். ஆகவே ரெட்டை எப்போது எடுப்பது, எப்போது எதிராளி எடுக்க முடியாமல் காயை மறித்து வைப்பது என்று விரலால் நகர்த்தி நகர்த்தி விளக்கினார். முன்னிலையில் இருக்கும்போதுதான் தனக்குப் பயம் அதிகம் என்று, யாரும் கேட்காமலே சொன்னார். ‘எப்படி உணர்ந்தீர்கள்’ என்று நாலு முறை கேட்டாலும் வராத பதில் அது.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். விதிகளை ஒரு மாலையில் படித்துவிடலாம். ஒரு மன்றத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சில ஆட்டங்களைப் பார்க்கலாம். குத்துச்சண்டை வாத்தியார்களிடம் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ‘சினிமாவில் காட்டியதுபோலத்தான் இருந்ததா?’ என்று தொடங்காதீர்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் போன்ற வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதை கேமராவுக்கு முன்பே இருந்தது. ஒரு பரம்பரையின் காலடி இன்னொன்றிலிருந்து எப்படி வேறுபடும் என்று கேட்டுப் பாருங்கள். அறுபது வயதுக்காரர் எழுந்து நின்று காட்டுவார்.

பலமுறை மேடையேறியவர்களிடம் வேறொரு சிக்கல். அவர்களிடம் பத்து கதைகள் மெருகேறித் தயாராக இருக்கும். நாம் கைதட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் வரலாற்றை எழுதும் ராபர்ட் காரோ இதை எதிர்கொண்ட விதம் எனக்குப் பிடித்தமானது. ஜான்சனின் தம்பி அண்ணனைப் பற்றி ஜம்பமாகக் கதைகள் சொல்லிவந்தார். காரோ அவரை, பழையபடி புதுப்பித்து வைக்கப்பட்டிருந்த அவர்களுடைய சிறுவயது வீட்டுக்கு அழைத்துப்போய், சாப்பாட்டு மேசையில் அவர் அன்று உட்கார்ந்த இடத்திலேயே உட்காரவைத்தார். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் நடந்த சண்டைகள் அங்கே வெளிவந்தன. பிறகு, முன்பு சொன்ன கதைகளை விரிவாகச் சொல்லச் சொன்னபோது, அவை நடக்கவே இல்லை என்று அந்தத் தம்பியே ஒப்புக்கொண்டார். நம்மூரில் ஓட்டல் வரவேற்பறையில் சோபா போட்டுப் பேட்டி எடுக்கிறோம். பயிற்சி நடந்த தகரக் கூரைக்குக் கீழே, பழைய போர்டின் பக்கத்தில் உட்காரவைத்தால் பேச்சே மாறும். அதே காரோ, பேட்டியின்போது குறிப்பேட்டில் ‘வாயை மூடு’ என்பதன் சுருக்கத்தைத் தனக்குத்தானே எழுதிக்கொள்வார். பதிலுக்கு நடுவில் ‘ஆமாமாம், சூப்பர்’ என்று பின்பாட்டுப் பாடுகிறவர்கள் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் அபத்தங்கள் உண்டு. வியாசர்பாடிக் கால்பந்து வீரரைக் காசிமேட்டுக்குக் கூட்டிவந்து, படகுகளின் முன்னால் நிற்கவைக்கிறார்கள். வடசென்னை என்றால் பின்னால் மீன் தெரிய வேண்டுமாம்! உண்மையிலேயே கடலில் பெயரெடுத்த விசைப்படகுக்காரரைப் பார்க்கப் போவதானால், ஏலம் நடக்கும் விடியற்காலையில் போய் மைக்கை நீட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போங்கள். படகு கரையில் இருக்கும், வலை பழுதுபார்த்தபடியே நிதானமாகப் பேசுவார். எண்ணூர் சாலையை ஒட்டிய வீடென்றால் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு முன்கூட்டியே வழி செய்துகொள்ளுங்கள்.

மரியாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொழிலதிபரை ‘சார், நீங்கள்’ என்று விளிக்கும் அதே நெறியாளர், உலகப் பட்டம் வென்ற பெண்ணிடம் ‘சொல்லும்மா, நீ எப்போது ஆட ஆரம்பித்தாய்?’ என்கிறார். வயதை மட்டும் காரணமாகச் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

எழுந்திருக்கும் முன், குறித்துக்கொண்டதை அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். கேரத்தில் உலகச் சாம்பியன்ஷிப் வேறு, உலகக் கோப்பை வேறு. இரண்டையும் குழப்பாத செய்தி அரிது. மரிய இருதயம் 1991, 1995 ஆண்டுகளில் வென்றதும், வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்சில் வென்றதும் உலகச் சாம்பியன்ஷிப். காசிமா வென்றது உலகக் கோப்பை. ஆண்டு, ஊர், பிரிவு, இணை ஆட்டக்காரரின் பெயர் என எல்லாவற்றையும் அங்கேயே சரிபார்த்துவிடலாம். பேச்சுவாக்கில் வந்த கடன் கணக்கு, உடன்பிறந்தவரின் குடிப்பழக்கம் போன்றவற்றை வெளியிடலாமா என்றும் அப்போதே கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். காணொளி வெளியான அன்றே கடன் கொடுத்தவரும் அதைப் பார்ப்பார்.