சயாம் ரயில் பாதைக்குப் போன கைதியைக் காகிதத்தில் தேடுவது எப்படி?

"துரையும் சயாமுக்குப் போனார், உங்க தாத்தாவும் சயாமுக்குப் போனார், ரெண்டு பேரும் வரல." ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிப் பாட்டி சொன்னது இவ்வளவுதான். சயாம் என்றால் தாய்லாந்து. இரண்டாம் உலகப் போரில் போர்க் கைதிகளையும் தோட்டத் தொழிலாளரையும் கொண்டு ஜப்பானியர் அங்கிருந்து பர்மாவுக்குப் போட்டதுதான் சயாம் ரயில் பாதை. துரை தோட்ட நிர்வாகி. தொண்டூழியப் படையில் சேர்ந்திருந்ததால் சிங்கப்பூர் விழுந்தபோது போர்க் கைதியானார். தாத்தா பால்மரம் வெட்டியவர். காலைப் பிரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கங்காணி பெயர் கூப்பிட, லாரியில் ஏறியவர்.

இரண்டு வருடத்துக்கு முன் துரையின் பேத்தி இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சல் அனுப்பினார். தோட்டத்தில் அவருடைய தாத்தாவை நினைவு வைத்திருப்பவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார். அவருக்காகத் தேடப் போய்த்தான் இந்த வழியெல்லாம் எனக்குப் பிடிபட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதே தேடலில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பிரிட்டிஷ், தொண்டூழியப் படைக் கைதிகளுக்கு இது பொருந்தும். ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் என்றால் அந்தந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும்.

1. முதலில் கல்லறை

முழுப் பெயர், படைப்பிரிவு, படை எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆள் திரும்பவில்லை என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள். தேடல் இலவசம். காசு கேட்கும் வம்சாவளித் தளங்களுக்கு ஆரம்பத்திலேயே போக வேண்டாம் என்பது என் கட்சி. குடும்பப் பெயரோடு முதலெழுத்தை மட்டும் போடுங்கள். முழுப் பெயரையும் போட்டால் பல நேரம் ஒன்றும் வராது.

கல்லறை இருக்கும் ஊரில்தான் ஆள் இறந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். பாதை நெடுகப் புதைக்கப்பட்டவர்களைப் போருக்குப் பிறகு தோண்டியெடுத்து மூன்று இடங்களில் சேர்த்தார்கள்: தாய்லாந்தில் காஞ்சனபுரி, சுங்காய், பர்மாவில் தான்பியூசாயாட். நீக்கே முகாமுக்குத் தெற்கே இறந்தவர்கள் காஞ்சனபுரிக்கும், வடக்கே இறந்தவர்கள் தான்பியூசாயாட்டுக்கும் போனார்கள். சுங்காய் மட்டும் கொஞ்சம் வேறு. அங்கே கைதிகளின் ஆஸ்பத்திரி முகாம் இருந்தது. அதனால் அங்கே கிடப்பவர்களில் பெரும்பாலோர் அங்கேயே இறந்தவர்கள்.

2. அட்டை (நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம்)

ஜப்பானியர் ஒவ்வொரு கைதிக்கும் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் 50,000-க்கும் மேற்பட்டவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வரிசை எண் டபிள்யூஓ 345. குடும்பப் பெயரின் அகர வரிசையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். பெயர், பதவி, தாய் தந்தை பெயர், பிடிபட்ட இடம், பிடிபட்ட தேதி, போருக்கு முன் பார்த்த வேலை எல்லாம் அதில் இருக்கும். தலைப்புகள் ஆங்கிலத்திலும் இருப்பதால் பயப்பட வேண்டாம். அட்டையின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள்.

துரையின் அட்டையில் பிறந்த தேதி நமக்குப் பழக்கமான ஆண்டில்தான் இருந்தது. அதனால் அடுத்து வந்த "17-2-15" என்பதையும் அதே கணக்கில் 1915, பிப்ரவரி 17 என்று படித்துவிட்டேன். 1915இல் பையன் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இது வேறு யாருடைய அட்டையோ என்று ஒதுக்கி வைத்துவிட்டு, இல்லாத ஓர் ஆளை மூன்று வாரம் தேடினேன். பேத்தியிடமும் "கிடைக்கவில்லை" என்று எழுதிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

விஷயம் இதுதான். ஜப்பானியர் ஆண்டை முதலிலும் நாளைக் கடைசியிலும் எழுதுவார்கள். ஆண்டும் அவர்களுடைய சக்கரவர்த்தியின் ஷோவா ஆண்டு. அதோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும். 17 என்றால் 1942, 18 என்றால் 1943. ஆக, 17-2-15 என்பது 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைந்த அதே நாள். இந்தத் தேதியை அட்டையில் பார்த்தால் ஆள் சிங்கப்பூரில் பிடிபட்டவர் என்று கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். 17-3-8 என்றோ 17-3-9 என்றோ இருந்தால் ஜாவாவாக இருக்கும்.

சில இடங்களில் எண்களையும் அவர்கள் எழுத்திலேயே போட்டிருப்பார்கள். ஒன்றுக்கு ஒரு படுக்கைக் கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. பத்துக்கு நம் கூட்டல் குறி. நான்கு முதல் ஒன்பது வரை ஆறு எழுத்துகளை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், ஒரு மாலை போதும். கைபேசி மொழிபெயர்ப்புச் செயலிகளை நம்பாதீர்கள். அச்செழுத்தைப் படிக்கும், எழுத்தரின் அவசரக் கையெழுத்தில் உளறும். பின்பக்கக் குறிப்புகளுக்கு ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பிடிப்பதே மேல்.

3. பிழைத்தவர்களின் படிவம்

விடுதலையானபோது கைதிகள் நிரப்பிக்கொடுத்த கேள்விப் படிவங்கள் டபிள்யூஓ 344இல் இருக்கின்றன. எந்த முகாமில் எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார், என்ன நோய் வந்தது, நாசவேலை ஏதாவது செய்தாரா என்றெல்லாம் கேட்டிருப்பார்கள். இறந்தவருக்குப் படிவம் ஏது என்று விட்டுவிடாதீர்கள். அதே படைப்பிரிவில் பிழைத்து வந்தவர்களின் படிவங்களைப் பாருங்கள். துரை கடைசியாகக் கின்சாயோக் முகாம் பக்கம் இருந்தார் என்று தெரிந்ததே அப்படித்தான்.

4. முகாம் பெயர்கள்

ஒரே ஊரை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம்: கிடைத்த பெயரையெல்லாம் தமிழில் எழுதிப் பாருங்கள். நம் எழுத்தில் க-வுக்கும் த-வுக்கும் இரண்டு இரண்டு ஒலி இருப்பதால், ஆங்கிலத்தில் ஐந்தாகத் தெரிவது தமிழில் ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும். அப்புறம் பாதையின் தாய்லாந்துப் பக்கத் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்று குறியுங்கள். மொத்தப் பாதை 415 கிலோமீட்டர். தார்சாவ் 130-ஆவது கிலோமீட்டரில் இருக்கிறது, இன்றைய பெயர் நாம் தொக். ரயில் இன்றும் அதுவரை ஓடுகிறது. பெயர் குழப்பினாலும் கிலோமீட்டர் குழப்பாது. இதற்கு எக்செல் எல்லாம் வேண்டாம், நீளவாக்கில் கோடு போட்ட பழைய கணக்கு நோட்டு ஒன்று போதும்.

5. நேரில் போகிறவர்களுக்கு

காஞ்சனபுரிக் கல்லறையில் நிற்கும் கல் கிடையாது. தாழ்வான பீடத்தில் வெண்கலத் தகடுதான். வெயில் ஏறினால் கண் கூசும், படம் எடுக்கக் காலையிலேயே போய்விடுங்கள். கல்லறையின் வரிசை எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தேடிய பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை என்றால் அங்குள்ள மண்டபத்துப் பலகைகளையும் பாருங்கள். இறந்தபின் எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது, அவர்கள் பெயர்கள் அந்தப் பலகைகளில்தான். பக்கத்திலேயே தாய்லாந்து-பர்மா ரயில்வே மையம் இருக்கிறது. கல்லறைக்கு முன் அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டால் வரைபடம் மனதில் பதியும்.

பின்சேர்க்கை

இந்தப் பதிவு வந்த வாரமே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "எங்க தாத்தா பட்டாளத்துக்காரர் இல்லை, தோட்டத்து ஆள். அட்டை எங்கே?"

அட்டை இல்லை. 60,000-க்கும் மேற்பட்ட கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் இறந்தார்கள், அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. நம் ஆட்களும் மலாய்க்காரர்களும் பர்மியர்களும் ஜாவாக்காரர்களும் கைதிகளைப் போல மூன்று மடங்குக்கு மேல் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு இருப்பது மதிப்பீடுகள்தான். தோட்டத்துச் செக்ரோல் (ஆள் பதிவேடு) தப்பியிருந்தால் அதிர்ஷ்டம்.

ஆனால் கைதிகளின் காகிதத்தில் நம் ஆட்கள் ஓரமாக வருகிறார்கள். 1943இல் தொழிலாளர் முகாம்களில் காலரா பரவியபோது, கைதிகளில் இருந்த மருத்துவர்களையும் உதவியாளர்களையும் கே படை, எல் படை என்று பிரித்து அந்த முகாம்களுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு படைகளில் இருந்தவர்களின் குறிப்புகளைத் தேடுங்கள். பெயர் கிடைக்காது, முகாமும் மாதமும் கிடைக்கலாம்.

இன்னொரு வாசகர் கேட்டது: "வீட்டிலிருக்கும் சீட்டில் 2603 என்று போட்டிருக்கிறது, இது என்ன எண்?" படித்ததும் எழுந்து போய்ப் பாட்டியின் மில்க் டின்னைத் திறந்தேன். அதிலும் ஒரு சீட்டு உண்டு, தாத்தா பெயரோடு 2603. செக்ரோல் எண் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது ஜப்பானியரின் இன்னொரு ஆண்டுக் கணக்கு. 660-ஐக் கழித்தால் 1943. மாதம் ஆறு. துரை கின்சாயோக்கில் இருந்ததும் அதே மழைக்காலத்தில்தான்.

போன டிசம்பரில் பேத்தியும் நானும் காஞ்சனபுரிக்குப் போனோம். அவர் துரையின் தகட்டின் முன் பாப்பி மலர் வைத்தார். தாத்தாவுக்கு எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாட் தாவோர்ன் கோயில் வளாகத்தில் தமிழ்த் தொழிலாளருக்கு நட்ட நடுகல்லின் முன் சூடம் ஏற்றினேன். குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், 1944இல் ஜப்பான் ராணுவமே இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதன் பலகைகளில் ஒன்றில் தமிழ் இருக்கிறது. போனால் அதையும் படித்துவிட்டு வாருங்கள்.